பீச் பக்கத்துல மனை: பத்திரம் உங்க பேர்ல, ஆனா வீடு கட்ட முடியாது

போன மழைக்காலம் முடிஞ்ச கையோட என் சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, ஈசிஆர்ல ஒரு மனை பார்த்திருக்கேன். கடலுக்கு நூறடிதான். 1,200 சதுர அடி, 18 லட்சம். டோக்கன் 25 ஆயிரம் ஜிபேல போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பார்வை பார்த்துடேன்."

டோக்கன் போட்டுட்டு அப்புறமா பார்க்கக் கூப்பிடுறான். அவனுக்கு வயசு 27, கையில வர்ற சம்பளம் 62 ஆயிரம். நம்ம சேனல் பார்க்கிற நிறைய பேரோட நிலைமையும் இதுதான். முதல் நாலு வருஷ சேமிப்பு, ஒரு பர்சனல் லோன், கடல் தெரியுற ஜன்னல் ஒண்ணைப் பத்தின கனவு.

மாமல்லபுரம் தாண்டிப் போனோம். சைட் ஆபீஸ்ல பெரிய லேஅவுட் வரைபடம் ஒட்டியிருந்தாங்க. டிடிசிபி அனுமதி எண், ரெரா பதிவு எண் எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. ஆனா இவனுக்குக் காட்டின முதல் வரிசை மட்டும் வேற கலர். "அது பேஸ் டூ சார், அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு. இப்போதைக்கு புன்செய் நிலமாவே பத்திரம் போட்டுடலாம். பேங்க் லோன் பின்வரிசைக்குத்தான். இதுக்கு நீங்க பர்சனல் லோன்ல பார்த்துக்குங்க"ன்னு சேல்ஸ் தம்பி சொன்னார்.

நடந்து போய் இடத்தைப் பார்த்தோம். நிலம் மேடும் பள்ளமுமா இருந்துச்சு. மேட்டு மேல அடம்புக்கொடி ஊதாப் பூ பூத்துப் படர்ந்து கிடந்தது. பக்கத்துலயே முள்ளுருண்டையா ராவணன் மீசை. "இதெல்லாம் பத்திரம் ஆனதும் ஜேசிபி விட்டு ரெண்டு நாள்ல லெவல் பண்ணிக் குடுத்துடுவோம்"னு அவர் சொன்னப்பதான் எனக்கு விஷயம் உறைச்சுது. லெவல் பண்ணித் தர்றேன்னு அவர் சொன்னது ஒரு மணல் மேட்டை. அதைத் தொடுறதே தடை செய்யப்பட்ட காரியம்.

கடல் ஓரத்துக்குத் தனி சட்டம்

1986-ம் வருஷ சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ, 1991 பிப்ரவரியில மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் கொண்டு வந்துச்சு. சுருக்கமா எல்லாரும் சிஆர்இசட்னு சொல்றது இதைத்தான். அது 2011-ல ஒரு தடவை, 2019-ல ஒரு தடவை புதுசா எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டுல இருந்து நிலத்துப் பக்கமா 500 மீட்டர் வரைக்கும் இதோட ஆட்சிதான்.

உயர் அலைக் கோடுன்னா நீங்க ஞாயித்துக்கிழமை காலையில பார்க்கிற அலை ஓரம் இல்ல. ஓதம் உச்சத்துல இருக்கும்போது தண்ணி எட்டுற இடத்தை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் அளந்து வரைபடத்துல குறிச்ச கோடு அது. அதனால "கடலுக்கு 250 மீட்டர் சார், நான் நடந்தே அளந்தேன்"ங்கிற கணக்கு செல்லாது. கோடு உங்க மனையை நோக்கி 60 மீட்டர் உள்ள வந்திருக்கலாம்.

இந்த 500 மீட்டருக்குள்ள எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. மணல் மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடுற கரை, பவளப்பாறை மாதிரியான இடங்கள் முதல் வகுப்புல, அதாவது சிஆர்இசட் ஒண்ணு ஏ-ல வரும். வீட்டுக்கு அங்க வழியே இல்ல. ஏற்கனவே சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியோட வளர்ந்த நகரப் பகுதிகள் ரெண்டாம் வகுப்பு. சென்னையில பெசன்ட் நகர் மாதிரி கடலோர ஏரியாவுல வீடுகள் எப்படி இருக்குன்னு கேட்பீங்க இல்லையா, அதுக்கான பதில் இதுல இருக்கு. இந்த வகுப்புல, ஏற்கனவே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்துப் பக்கமா, உள்ளூர் விதிப்படி கட்டலாம். கடல் பக்கமா கூடாது.

நமக்கு வில்லங்கம் மூணாவது வகுப்புலதான். ஈசிஆர்ல ஊராட்சிப் பகுதிகள்ல விக்கிற மனைகள்ல பெரும்பாலானது இதுலதான் விழும். 2011 விதிப்படி முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019 விதி இதை ரெண்டாப் பிரிச்சுது. 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல வாழுற இடத்துல தடை 50 மீட்டரா குறையலாம், மத்த இடத்துல அதே 200 மீட்டர். "புது ரூல்ல 50 மீட்டர்தான் சார்"னு புரோக்கர் அடிச்சு விடுறது இந்த வரியை வச்சுத்தான். ஆனா அந்த 2019 விதி ஒரு இடத்துக்குப் பொருந்தணும்னா, அந்த விதிப்படி வரைஞ்ச கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்துக்கு மத்திய அரசோட ஒப்புதல் இருக்கணும். இல்லாத வரைக்கும் 2011 கணக்குதான்.

சரி, 200 மீட்டர் தாண்டியாச்சுன்னா கட்டிடலாமா? அங்கயும் 9 மீட்டர் உயரம், தரைத்தளம் பிளஸ் ஒரு மாடிதான். அதுவும் மீனவர் குடியிருப்பு மாதிரி பாரம்பரிய உரிமை சார்ந்த வீடுகளுக்குன்னு விதியில வார்த்தை இருக்கு. வெளியூர்ல இருந்து வந்து வீக்எண்ட் வீடு கட்டுறவங்களுக்கு இந்த வரி எப்ப வேணா கேள்வியா வந்து நிக்கும். போர் போடுறதுக்கும் தனிக் கட்டுப்பாடு. 200 முதல் 500 மீட்டருக்குள்ள, வேற தண்ணியே இல்லாத பட்சத்துல, சாதாரணக் கிணத்துல கையால இறைக்கலாம்னுதான் விதி. மோட்டார் இல்லாத பீச் ஹவுஸை நினைச்சுப் பாருங்க.

இன்னொரு பொறி கழிமுகம். முட்டுக்காடு மாதிரி கடல் ஓதம் உள்ள ஏறி இறங்குற நீர்நிலைகளோட கரைக்கும் சிஆர்இசட் உண்டு. 2011-ல கரையில இருந்து 100 மீட்டர் அல்லது நீர்நிலையோட அகலம், எது குறைவோ அது. 2019-ல 50 மீட்டர் அல்லது அகலம், எது குறைவோ அது. கடல் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் உங்க மனை மாட்டலாம்.

மணல் மேட்டுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு?

சித்தி பையன் அங்கேயே கேட்டான்: "சும்மா மணல்தானே அண்ணே?" பக்கத்துல வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் நாங்க பேசினதைக் கேட்டுக்கிட்டே இருந்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "தம்பி, சுனாமி அன்னிக்கு இந்த மேடு இருந்த பக்கம் தெருவுக்குள்ள தண்ணி கம்மி. மேட்டை வெட்டி வழி விட்ட பக்கம்தான் புகுந்து வந்துச்சு."

மணல் மேடு கடலோட சேமிப்புக் கணக்கு மாதிரி. புயல் காலத்துல அலை கரையை அரிக்கும்போது மேட்டுல இருந்து மணல் போகும். அமைதியான மாசங்கள்ல காத்து திரும்பக் கொண்டு வந்து சேர்க்கும். அந்த மணலைப் பிடிச்சு வைக்கிற வேலையை அடம்பும் ராவணன் மீசையும் செய்யுது. மழைத்தண்ணி மேட்டுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்து நிக்கிறதாலதான் கடல் ஓரத்துக் கிணத்துல நல்ல தண்ணி கிடைக்குது. மேட்டை லெவல் பண்ணினா இந்த மூணும் போச்சு. கூடவே உங்க மனையும் கொஞ்சம் கொஞ்சமா போகும். புதுச்சேரியில துறைமுகம் கட்டின பிறகு அதுக்கு வடக்கே கரை எப்படி அரிச்சுதுன்னு அங்க போய்ப் பார்த்தா தெரியும். நம்ம கிழக்குக் கரையில மணல் வருஷத்துல பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கா நகருது. நடுவுல எதையாவது கட்டித் தடுத்தா வடக்குப் பக்கம் பட்டினிதான்.

இப்ப காசுக் கணக்கு

அவன் திட்டம் இது: சேமிப்பு 8 லட்சம், 12% வட்டியில 5 வருஷத்துக்கு 10 லட்சம் பர்சனல் லோன். இஎம்ஐ சுமார் 22,244 ரூபாய். 62 ஆயிரம் சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல. மொத்தம் திருப்பிக் கட்டுறது 13.35 லட்சம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அதாவது 18 லட்சத்துக்கே பத்திரம் போட்டா இன்னொரு 1.62 லட்சம். பதிவுக்குக் கட்டின காசு வீடு கட்ட முடியலங்கிறதுக்காகத் திரும்ப வராது. வரிச் சலுகை? வெறும் மனைக்கு வாங்கின கடனுக்கு ஒண்ணும் கிடையாது. பழைய வரி முறையில வீட்டுக் கடன் வட்டிக்குக் கிடைக்கிற 2 லட்சம் கழிவுகூட வீடு கட்டி முடிச்ச பிறகுதான்.

"பின்வரிசைக்கு பேங்க்கே லோன் தருதே, அப்ப அது சேஃப்தானே?"ன்னு அடுத்த கேள்வி. பேங்க்கோட வக்கீல் முக்கியமா பார்க்கிறது, இந்தச் சொத்தை அடமானம் வாங்கினா உரிமை தெளிவா இருக்கான்னு. நீங்க அங்க வீடு கட்டி நிம்மதியா இருப்பீங்களான்னு பார்க்கிறது உங்க வேலை.

இதுக்கு கொச்சி பக்கத்துல மரடு போதும். 2006-ல ஊராட்சி கொடுத்த அனுமதியோட ஏரிக்கரையில அடுக்குமாடிகள் எழுந்துச்சு. கடலோர மண்டல ஆணையத்தோட சம்மதம் மட்டும் இல்ல. 2019 மே மாசம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகள்ல நாலு வளாகங்களையும் வெடி வச்சுத் தரைமட்டமாக்கினாங்க, டிவியில நேரலையாவே பார்த்தோம். உள்ள முந்நூறுக்கும் மேல வீடுகள். பத்திரம், வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன், பலருக்கு வீட்டுக் கடன், எல்லாம் இருந்துச்சு. நீதிமன்றம் இடைக்கால நிவாரணமா ஒரு வீட்டுக்கு 25 லட்சம் தரச் சொல்லி, அதை பில்டர்கள்கிட்ட இருந்து வசூலிக்கச் சொன்னது. கட்டடம் போனாலும் கடன் போகாது. கடன் உங்க கையெழுத்து மேல நிக்கிறது, சுவர் மேல இல்ல.

டோக்கனுக்கு முன்னாடி செய்யுங்க

புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வாங்குங்க. தர மறுத்தா அங்கேயே கிளம்பிடுங்க. அரசோட இ-சேவை தளத்துல 'அ' பதிவேடு, புல வரைபடம் ரெண்டையும் எடுத்து, அது புறம்போக்கா பட்டாவான்னு முதல்ல பாருங்க. டிடிசிபி வரைபடத்துல உங்க மனை எண் நிஜமா இருக்கான்னு விரல் வச்சுத் தேடுங்க. அனுமதி எண் லேஅவுட்டுக்கு உண்மையா இருக்கும், உங்க மனை அந்த லேஅவுட்டுக்கு வெளிய இருக்கும், எங்களுக்கு நடந்தது அதுதான். வில்லங்கச் சான்றுல சிஆர்இசட் பத்தி ஒரு வரியும் இருக்காது, அதை நம்பி உட்காராதீங்க.

அப்புறம் அந்தப் புல எண் எந்த வகுப்புல வருதுன்னு எழுத்துல வாங்குங்க. கடலோர மேலாண்மை வரைபடம் கிராம அளவுல புல எண்ணோடவே வரையப்படுது. கலெக்டர் தலைமையில மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் இருக்கு. 10 ரூபாய் கட்டணத்துல ஒரு ஆர்டிஐ மனு போட்டா 30 நாளைக்குள்ள பதில் தரணும். 18 லட்சத்துக்கு 10 ரூபாய் இன்ஷூரன்ஸ். பெரிய வீடு, ரிசார்ட்னு யோசிக்கிறவங்க அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட இடத்துல வரைபடம் வாங்கி, மாவட்ட ஆணையம் வழியா மாநில ஆணையத்துக்குப் போகணும். 2019 விதியில, சொந்தக் குடியிருப்புக்கு 300 சதுர மீட்டர் வரைக்கும் உள்ளாட்சியே அனுமதி தரலாம். ஆனா அவங்களும் சிஆர்இசட் விதியைப் பார்த்துத்தான் தரணும். மரடுல சறுக்கினது இந்த இடத்துலதான்.

ஒப்பந்தத்துல ஒரு வரி சேருங்க: "சிஆர்இசட் அனுமதி மறுக்கப்பட்டாலோ, மனை கட்டுமானத் தடைப் பகுதியில் இருப்பது தெரியவந்தாலோ, முன்பணம் முழுவதும் 30 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்." இந்த வரியைப் போட விற்கிறவர் தயங்கினா, ஏன்னு உங்களுக்கே புரியும்.

சித்தி பையனோட 25 ஆயிரத்துல, நாலு மாசம் வாட்ஸ்அப்ல கெஞ்சி 15 ஆயிரம் வந்துச்சு. ரசீதுல "திருப்பித் தரப்படாத முன்பதிவுக் கட்டணம்"னு சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, அவன் படிக்கல. இப்ப அதே ரோட்டுல கடலுக்கு 700 மீட்டர் தள்ளி வேற ஒரு மனை பார்த்திருக்கான். இந்தத் தடவை டோக்கனுக்கு முன்னாடி ஆர்டிஐ போட்டான். 26-வது நாள் பதில் வந்துச்சு: அந்தப் புல எண்ணோட கிழக்கு உட்பிரிவு, பின்னாடி ஓடுற கழிமுகத்தோட எல்லைக்குள்ள வருது. மேற்கு உட்பிரிவுல இடம் இருக்கான்னு விக்கிறவர்கிட்ட கேட்டிருக்கான்.