கிருபாபாயும் தமிழ்ப் புதின வரலாறும்

கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894) அகமதுநகரில், கிறித்தவம் தழுவிய மராட்டியக் குடியிற் பிறந்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, உடல்நலக் குறைவால் ஓராண்டிற் படிப்பை விட்டார். அவ்வாழ்வே ‘சகுணா’ என்னும் புதினமாகி, 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. இளமை மணத்திற்கும் மாமியார் கொடுமைக்கும் உட்பட்ட இந்துப் பெண்ணின் கதை ‘கமலா’. இரண்டும் ஆங்கிலத்தில் எழுந்தவை. ஆதலின் தமிழ்ப் புதின வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அவரைக் கடந்து செல்வர். இஃது ஏற்புடைத்தன்று. இரு நூல்களும் 1896இல் தமிழாக்கம் பெற்றன. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நூலுருப் பெற்றதும் அவ்வாண்டேயாம். கிருபாபாயைத் தமிழ்ப் புதின ஆசிரியர் எனல் மிகைதான். ஆயினும், ஒரு பெண் தன் கல்வி வேட்கையைத் தன்மைக் கூற்றில் உரைக்கும் நெடுங்கதை அன்றே தமிழ் வாசகர் கைக்கு எட்டிவிட்டது.