கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு ஆஃப் ஆகுதா? எஸ்.எம்.பி.எஸ் வாங்கும் முன் இதை கவனிங்க!

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் பார்டர், புட்டா, முந்தானை டிசைன்கள் ஒரு காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரையப்பட்டன. இன்று அந்த வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான். அந்த டிசைனை வைத்தே ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுகிறார்கள். சேவ் பண்ணும் முன்பே கம்ப்யூட்டர் ஆஃப் ஆனால் பல மணி நேர உழைப்பு போச்சு. அட்டை வரும்வரை தறியும் சும்மா நிற்கும்.

கரண்ட் இருக்கும்போதே, அதுவும் கனமான வேலை ஓடும்போது இப்படி ஆனால், சூடு போன்ற காரணங்களோடு எஸ்.எம்.பி.எஸ்-ஐயும் சந்தேகப்படணும்.

எஸ்.எம்.பி.எஸ் என்ன செய்கிறது?

230 வோல்ட் ஏ.சி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி-யாக மாற்றித் தருகிறது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன.

எத்தனை வாட்ஸ் தேவை?

உதாரணமாக, இன்டெல் ஐ5-12400 பிராசஸர் அதிகபட்சம் 117 வாட்ஸ் எடுக்கும். போர்டு, ராம், எஸ்.எஸ்.டி, ஃபேன்களுக்கு சுமார் 60 வைத்துக்கொண்டால் மொத்தம் 177 வாட்ஸ். டிசைன் வேலைக்கு மட்டும் என்றால் தரமான 400, 450 வாட்ஸ் தாராளம்.

பிறகு வீடியோ எடிட்டிங், கேமுக்காக 170 வாட்ஸ் ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டு சேர்த்தால்? மொத்தம் 347 வாட்ஸ். கார்டு கண நேரம் இதைவிட அதிகமாகவும் இழுக்கும். அதனால்தான் இந்த கார்டுக்கு என்விடியா 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்-ஐப் பரிந்துரைக்கிறது.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

பெட்டியில் பெரிதாக '450' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிடாதீங்க. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்ப்ஸ் என்று பாருங்க. 18 ஆம்ப்ஸ் என்றால், 12 x 18 = 216 வாட்ஸ்தான். கார்டு இல்லாதவரை ஓடும். கார்டு போட்டதும் மல்லுக்கட்டும். 36 ஆம்ப்ஸ் என்றால் 432 வாட்ஸ் கிடைக்கும்.

'80 பிளஸ்' எதற்கு?

அது வாட்ஸ் அளவு அல்ல. மின்சாரம் வீணாகாமல் இருப்பதற்கான சான்று. முழு லோடிலும் சோதித்துத் தரப்படுவதால், வாங்கும்போது இதையும் கேளுங்க.

ஒன்று மட்டும் மறக்காதீங்க: எவ்வளவு நல்ல எஸ்.எம்.பி.எஸ் போட்டாலும் கரண்ட் கட்டைச் சமாளிக்காது. அதற்கு யு.பி.எஸ் தனியாக வேணும்.