பெஞ்சில் ஒருவருக்குத்தான் இடம்

ஒரு சின்னக் கேள்வி. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஒருவர், இன்னொரு சர்ச் ஆர்கனிஸ்ட் வாசிப்பதை எப்போது கேட்பார்?

யோசித்துப் பாருங்கள். ஞாயிறு காலை ஆராதனை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில்தான். பக்கத்துத் தெரு சர்ச்சில் பெரிய கெட்டிக்காரர் இருக்கலாம். ஆனால் அவர் வாசிக்கும் நேரத்தில் இவரும் தன் சர்ச்சில் வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு சர்ச்சுக்கு ஒரு ஆர்கனிஸ்ட் போதும் என்பதால், கூட வேலை பார்ப்பவர் என்றும் யாரும் கிடையாது. சபையார் அன்பானவர்கள், ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கி நன்றாக இருந்தது என்பார்கள். மூன்றாவது சரணத்தில் இடது கால் தப்பான பெடலில் விழுந்ததைக் கண்டுபிடித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அமெரிக்காவில் சர்ச் ஆர்கனிஸ்டுகள் வட்டார மாநாடு என்று கூடுவதற்கு முதல் காரணம் இந்தத் தனிமைதான். கூட்டுவது அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் என்ற சங்கம். 1896-இல் நியூயார்க்கில் தொடங்கியது. நாடெங்கும் கிளைகள் உண்டு. இரட்டைப்படை ஆண்டுகளில் தேசிய மாநாடு, ஒற்றைப்படை ஆண்டுகளில் அங்கங்கே வட்டார மாநாடுகள் என்பது வழக்கம். பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வைப்பார்கள். ஈஸ்டர் பரபரப்பு ஓய்ந்து, பாடகர் குழுக்களும் கோடை விடுமுறையில் இருக்கும் மாதங்கள் அவை.

இரண்டாவது காரணம் வாத்தியமே. மிருதங்கக்காரர் தன் மிருதங்கத்தை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு எந்த ஊர்க் கச்சேரிக்கும் போய்விடலாம். ஆர்கன்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வாத்தியம் கட்டடத்தோடு கட்டடமாக நிற்கிறது. அதனால் கேட்கிறவர்கள்தான் பஸ் ஏறிப் போகவேண்டும். இந்த மாநாடுகளில் காலையில் ஒரு சர்ச், மதியம் ஒரு சர்ச், இரவு ஒரு கதீட்ரல் என்று பஸ்கள் ஓடிக்கொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, அப்படி என்ன வித்தியாசம் ஒரு ஆர்கனுக்கும் இன்னொன்றுக்கும்? அதற்கு வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தாக வேண்டும்.

ஆர்கன் என்றதும் நமக்குக் கட்டைகள்தான் நினைவுக்கு வரும். கைக்கு இரண்டோ மூன்றோ நான்கோ கட்டை வரிசைகள், அமெரிக்காவில் பொதுவாக வரிசைக்கு 61 கட்டை. காலுக்கு 32 பெடல். ஆனால் கட்டைகள் கட்டளை கொடுப்பதோடு சரி. பேசுவது குழல்கள். ஸ்டாப் என்ற குமிழ் ஒன்றை இழுத்தால் ஒரு குடும்பக் குழல்கள் தயாராகும். கட்டையை அழுத்தினால் அந்தச் சுரத்துக்குரிய குழலில் காற்று நுழையும். ஸ்டாப்பின் முகப்பில் 8 என்று போட்டிருந்தால், அந்த வரிசையின் ஆகக் கீழ்ச் சுரத்துக்குத் திறந்த குழல் ஏறக்குறைய 8 அடி நீளம் வேண்டும் என்று பொருள். பியானோவில் அதே கட்டையைத் தட்டினால் வரும் அதே சுருதிதான் அது. 4 என்றால் ஒரு ஸ்தாயி மேலே, 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே. 32 என்று இருந்தால் மூன்று மாடி உயரக் குழல். அதன் அடிச்சுரம் நொடிக்குச் சுமார் 16 அதிர்வு. காதைவிட முதலில் உட்கார்ந்திருக்கும் பலகைக்குத்தான் அது தெரியும்.

இந்தக் குழல்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து மாட்டினால் வேலை முடிந்துவிடாது. ஒருவர் கட்டை பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாக அழுத்த, இன்னொருவர் குழல்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றின் வாயையும் அந்தக் கூடத்தின் எதிரொலிக்குத் தகுந்தபடி நுணுக்கமாகத் திருத்துவார். ஒரு கூடத்துக்காகத் திருத்திய குழல் இன்னொரு கூடத்தில் அதே குரலில் பேசாது. ஒரே பட்டறையில் செய்த இரண்டு ஆர்கன்கள்கூட வேறு வேறு ஆட்கள்.

பாஸ்டன் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் தேசிய மாநாடு நடந்த ஊர். ஹோலி கிராஸ் கதீட்ரலில் 1875-இல் ஹூக் அண்ட் ஹேஸ்டிங்ஸ் கட்டிய பெரிய ஆர்கன் இருக்கிறது. சர்ச் ஆஃப் தி அட்வென்ட்டில் 1936-இல் ஏயோலியன்-ஸ்கின்னர் கம்பெனி கட்டியது. ஓல்டு வெஸ்ட் சர்ச்சில் 1971-இல் சார்லஸ் ஃபிஸ்க் கட்டியது. இளைஞனாக லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு ஆர்கன் கட்ட வந்தவர் இந்த ஃபிஸ்க்.

வடக்கே கொஞ்ச தூரத்தில் மெதுவென் என்ற சிற்றூர். அங்கே இருக்கும் ஆர்கனின் கதை தனி. ஜெர்மனியின் வால்க்கர் கம்பெனி கட்டி, 1863-இல் பாஸ்டன் மியூசிக் ஹாலில் அரங்கேறியது. அந்தக் காலத்து 60,000 டாலர். சிம்ஃபனி வாத்தியக் குழுவுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று 1884-இல் அதைக் கழற்றிக் கிடப்பில் போட்டார்கள். 1897 ஏலத்தில் எட்வர்ட் சேர்ல்ஸ் என்ற பணக்காரர் 1,500 டாலருக்கு எடுத்தார். எடுத்த ஆர்கனை எங்கே வைப்பது? அதற்கென்றே ஒரு மண்டபம் கட்டினார். 1909-இல் திறந்த அந்த மண்டபம்தான் இன்றைய மெதுவென் நினைவு இசை மண்டபம். அந்தப் பக்கம் மாநாடு என்றால் ஆர்கன்காரர்கள் அங்கே போகாமல் திரும்ப மனம் வராது.

இப்போது கச்சேரி செய்யப்போகிறவரின் திண்டாட்டத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் மாதக்கணக்கில் பழகியது வேறு ஆர்கன்; இங்கே கிடைத்திருப்பது சில மணி நேரம். பகலில் சர்ச்சில் வேறு நிகழ்ச்சி இருந்தால் ராத்திரியில்தான் சாவி கிடைக்கும். அந்த நேரத்தில் அவர் விரல் பழகுவதில்லை. ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து, எந்தக் குரல் எதோடு சேருகிறது என்று பார்க்கிறார். சரியென்று பட்டதும் கட்டைகளுக்கு அடியில் இருக்கும் பிஸ்டன் என்ற சின்னப் பொத்தானில் பதிந்துவைக்கிறார். கச்சேரியில் பொத்தானைத் தொட்டால் பத்துப் பதினைந்து ஸ்டாப்புகள் ஒரே நொடியில் மாறும். பொத்தான் இல்லாத பழைய ஆர்கன் என்றால் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று கையால் இழுக்க வேண்டும். நண்பர் ஒருவர் கூடத்தின் நடுவில் நின்று கேட்டு, பெடல் அதிகம், ட்ரம்பெட் குத்துகிறது என்று சத்தம் கொடுப்பார். வாசிக்கும் இடத்தில் கேட்பதும் கூடத்தில் கேட்பதும் ஒன்றல்ல. அதையும் தாண்டி, காலிக் கூடத்தில் வைத்த அளவு ஆட்கள் வந்து நிறைந்ததும் மாறிவிடும்; உடம்பும் துணியும் ஒலியைக் குடித்துவிடும். வெயில் ஏறினால் சுருதியும் நகரும். சாதாரணக் குழல்கள் சூட்டில் மேலே போகும், நாக்கு வைத்த ரீடு குழல்கள் அந்த அளவுக்குப் போகாது. அதனால்தான் கோடை மாநாட்டில் சுருதி சேர்ப்பவருக்குத் தூக்கம் குறைவு.

கச்சேரி ஒரு பாதி. மறுபாதி பயிலரங்குகள். பெரிய வித்வான்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் பகுதிநேரம். வாரநாளில் வேறு உத்தியோகம். சர்ச்சில் ஆள் இல்லை என்று பியானோ தெரிந்த பாவத்துக்கு ஆர்கனில் உட்கார வைக்கப்பட்டவர்களும் நிறைய. அவர்களுக்கு முதல் பாடமே விரலை எடுப்பது. பியானோவில் தட்டிய சுரம் தானாகத் தேயும். ஆர்கனில் கட்டையை விடும்வரை சுரம் அப்படியே நிற்கும். ஒரே சுரம் இரண்டு முறை வரும் இடத்தில் நடுவே சரியான அளவுக்கு விரலைத் தூக்காவிட்டால் இரண்டும் ஒட்டி ஒன்றாகி, ஜனங்கள் எந்த எழுத்தில் இருக்கிறோம் என்று தொலைந்துபோவார்கள். அடுத்த பாடம், பாட்டுக்கு முன்னால் வாசிக்கும் முன்னிசை. அதன் கடைசியில் அழகுக்காக வேகத்தைக் குறைத்தால், புது வேகத்தில் பாடுவதா பழைய வேகத்திலா என்று சபை திகைக்கும். முதல் வரி இரண்டாகப் பிளந்து வரும். வேகத்தை அப்படியே பிடித்து முடித்தால், சபை ஒரே மூச்சாக உள்ளே வரும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் எவ்வளவு நிறுத்துவது என்பதையும் இதே மாதிரி பாடிப் பாடித்தான் கற்றுக்கொள்கிறார்கள். எட்டே பேர் கொண்ட பாடகர் குழுவை என்ன செய்வது, கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் எதைப் படிப்பது என்றுகூட வகுப்புகள் உண்டு.

இளைஞர்களுக்குப் போட்டியும் இருக்கிறது. கிளை அளவில் ஜெயித்தவர்கள் வட்டார மாநாட்டுக்கு வருவார்கள். இசையமைப்பாளர் பாக்கின் பெரிய உருப்படிகளோடு, சாதாரண சபைப் பாட்டு ஒன்றையும் அங்கே வாசித்தாக வேண்டும். வித்வத்து எவ்வளவு இருந்தாலும் ஜனங்களைப் பாட வைக்கத் தெரியுமா என்பதும் பரீட்சைதான்.

இந்தத் தொழிலில் ஆர்கனிஸ்ட் உட்காரும் பெஞ்சு என்பது கௌரவப் பிரச்சினை. இன்னொருவர் வேலை பார்க்கும் சர்ச்சில் கல்யாணத்துக்கு வாசிக்கப் போவதென்றால் அங்குள்ள ஆர்கனிஸ்டின் சம்மதம் வேண்டும் என்று சங்கத்தின் ஒழுக்க விதியிலேயே இருந்தது. மணமக்கள் தங்களுக்குப் பிடித்த ஆளை அழைத்துவந்தாலும், சர்ச் ஆர்கனிஸ்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. இது போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வழக்கெடுத்து, 2017-இல் சங்கம் அந்த விதிகளை விட்டுவிட ஒப்புக்கொண்டது. சட்டப்படி ஆணையம் சொன்னது சரிதான். ஆனால் சொற்பச் சம்பளத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் தன் இடத்தை அப்படிக் காத்துக்கொள்ளப் பார்த்ததும் புரிகிறது. அவ்வளவு இறுக்கமாகக் காக்கும் இடத்தைச் சில நாட்களுக்கு மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பதுதான் மாநாடு. எங்கள் ஆர்கனில் வந்து வாசியுங்கள், குறையும் சொல்லுங்கள் என்று சாவியைக் கையில் கொடுக்கிறார்கள்.

இந்த மாநாடுகளின் ஆராதனையில் சபையார் பாடுவதைக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். வருஷம் முழுக்க மற்றவர்களைப் பாட வைக்கிறவர்களுக்கு அன்று கை சும்மா இருக்கிறது. நான்கு குரலிலும் பாட்டு வந்து விழும். நம் ஊர்ச் சபைகளின் பாட்டுப் புத்தகமான பாமாலையில் இருக்கும் மெட்டுகள் பலவும் அங்கே பாடும் அதே மெட்டுகள்தான். நாகர்கோவிலிலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ போனவர்கூடப் புத்தகம் இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. ஆசீர்வாதம் முடிந்ததும் ஆர்கனிஸ்ட் ஒரு உருப்படி வாசிப்பார். வாரம் முழுக்க அவர் அதிகம் உழைத்துப் பழகியது பெரும்பாலும் அதைத்தான். ஞாயிறுகளில் அது குசலம் விசாரிக்கும் சத்தத்திலும் செருப்புச் சத்தத்திலும் கரைந்துபோகிறது. மாநாட்டு ஆராதனையில் மட்டும் யாரும் எழுந்திருப்பதில்லை; கடைசிச் சுரம் முடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலிலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கிலும் குழல் ஆர்கன்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஒரு ஞாயிறு போனீர்களென்றால் ஐந்து நிமிஷம் தாமதித்துக் கிளம்புங்கள். முடிந்ததும் ஆர்கனிஸ்டிடம் போய், அந்தக் கடைசி பாகத்தில் எந்த ஸ்டாப் போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் வீட்டுக்குப் போக அரை மணி நேரம் தாமதமானால் என்னைத் திட்டாதீர்கள்.