நகைச்சுவைத் தொகுதிப் பெயர்களும் வழுவமைதியும்

ஓரினப் பொருள்கள் பல திரண்டவழி அத்திரளைச் சுட்டும் சொல்லைத் தொகுதிப் பெயர் என்கிறோம். ஆட்டு மந்தை, ஆனிரை, தேங்காய்க் குலை, சாவிக் கொத்து, வைக்கோற்போர் என்பன அவற்றுட் சில. இன்ன பொருளுக்கு இன்ன சொல்லே உரியது என்பது மரபு. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை விரித்துரைப்பினும், தொகுதிப் பெயர்களை அங்ஙனம் வகுத்துரைக்கவில்லை. அவற்றைக் காத்து வந்தது வழக்கேயாகும். இத்தகைய பெயர்களை நகை தோன்றப் புதியனவாகப் படைக்கத் தமிழில் இடமுண்டா, உண்டெனின் அதன் நெறி யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கிலத்தில் இம்முயற்சி பழமையானது. 1486இல் செயின்ட் ஆல்பன்சு நகரில் அச்சான வேட்டை முதலியன பற்றிய நூலொன்று, விலங்கு பறவைத் திரள்களின் பெயர்களோடு மக்கட் குழுக்களுக்கும் பெயர் தருகிறது. கன்னித் துறவியர் திரளை ‘மிகை’ எனப் பொருள்படும் சொல்லால் அது குறிப்பது வெளிப்படையான எள்ளல். 1968இல் சேம்சு லிப்டன் இவ்வகைப் பெயர்களைத் தொகுத்துத் தனிநூலாக வெளியிட்டார். குழுவின் இயல்பைக் குறிக்கும் பண்புப்பெயரையே குழுவின் பெயராக்குதல் ஆங்கில முறைகளுள் ஒன்று.

அம்முறை தமிழுக்குப் பொருந்துமா? நடுவர் பலர் கூடியிருப்பதை ‘நடுவர் தயக்கம்’ என்று பெயரிட்டுப் பார்ப்போம். கேட்போர் நடுவரது தயக்கம் என்றே கொள்வர்; நடுவர் கூட்டம் எனக் கொள்ளார். இதற்குரிய காரணம் நன்னூலில் உள்ளது. ஆறாம் வேற்றுமைத் தற்கிழமையை வகுக்கும் நன்னூலார் பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம் முதலியவற்றை வேறுவேறாக வைக்கிறார். பண்புப்பெயர் வந்தால் தொடர் பண்புத் தற்கிழமையில் நின்றுவிடும், ஈட்டத்துக்குச் செல்லாது. எனவே தமிழில் நகைப்பெயர் படைப்போன் முன்னரே தொகுதியைக் குறிக்கும் சொல்லொன்றை அதன் உரிய பொருளினின்றும் பெயர்த்து, உரிமையில்லாத பொருளோடு சேர்த்தல் வேண்டும். ‘வாண்டுப் பட்டாளம்’ என்னும் வழக்குத் தொடர் இதற்குச் சான்று. படைக்குரிய சொல் சிறாரைச் சேர்ந்தமையால் நகை பிறந்தது. தொகுதிச் சொல் இறுதியில் நிற்பதால் அந்நகை தொடரின் முடிவிலேயே வெடிக்கிறது.

இந்நெறியை அத்திப்பட்டில் வைத்துச் சோதிக்கலாம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் உள்ள இவ்வூர், உப்பளங்களும் மீன்பிடியும் நிறைந்த கழிநிலத்தைச் சார்ந்தது. வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகமும் (இன்றைய காமராசர் துறைமுகம்) இதனருகே உள்ளன. மீன் விற்போர் சிறிதும் பெரிதுமாகக் கலந்து ஒரு விலைக்கு வைக்கும் சிறு குவியல் ‘கூறு’ எனப்படும். பெட்டியின் வாயில் வந்து நிற்கும் இடமறிந்து நடைமேடையில் ஆங்காங்கே திரண்டு நிற்போரைப் ‘பயணியர் கூறு’ எனலாம். வண்டி புறப்பட்டபின் வாயிற்படியில் தொங்குவோர் ‘பயணியர் குலை’ ஆவர். துறைமுகச் சாலையில் நகராது நிற்கும் சரக்கு லாரிகளை ‘லாரி நிரை’ என்போமாயின், குறுக்கே புகுந்து வழியைக் கவர்வோன் வெட்சியான் ஆவான். அதனை மீட்கும் போக்குவரத்துக் காவலர் கரந்தையார் ஆவர்.

அதே லாரிகளைச் ‘சாத்து’ என்று அழைத்தால் நகை தோன்றாது. உப்பு வணிகராகிய உமணர் வண்டிகளோடு கூட்டமாகச் சென்றதைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. வணிகக் கூட்டத்தைக் குறித்த சாத்து என்னும் சொல் சரக்கு வண்டித் தொடருக்கு மிகப் பொருந்திவிடுவதால் அது கலைச்சொல்லாகிவிடும். முற்றும் பொருந்தினால் நகையில்லை. சிறிதும் பொருந்தாவிடின் பொருளே விளங்காது. ஓர் இயல்பால் ஒத்துப் பிறவற்றால் மாறுபடுமிடத்தேதான் நகைப்பெயர் நிற்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். அஃறிணைத் தொகுதிப் பெயரை மக்களுக்கு ஏற்றுதல் திணைவழு ஆகும். எனினும் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் காரணங்களால் திணையும் பாலும் மயங்குவதை நன்னூல் அமைத்துக்கொள்கிறது. எல்லாம் இலக்கணத்துக்கு உடன்பாடே. கேட்போர் நெஞ்சுக்கு அவ்வாறன்று. படியில் தொங்குவோர் தம்மைத் தாமே ‘குலை’ என்று கூறிச் சிரித்தால் அஃது உவப்பு. வேலைக்கு விரையும் தொழிலாளரை மற்றொருவன் ‘மந்தை’ என்றால் அஃது இழிப்பு. சொல்வோன் அத்திரளின் உள்ளே நிற்கின்றானா, வெளியே நிற்கின்றானா என்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்.

மரபை அறிந்தவர்க்கே மரபு மாற்றம் சுவைக்கும். நிரை ஆவுக்கு உரியது என அறியாதவனுக்கு ‘லாரி நிரை’ வெறும் வரிசையே. இன்று ஆடும் கூட்டம், யானையும் கூட்டம், பறவையும் கூட்டம் என எல்லாம் ஒரு சொல்லில் அடங்கி வருகின்றன. இந்நிலை நீடிப்பின் சொற்களோடு அவற்றைக் கொண்டு நகுதற்குரிய வாய்ப்பும் மறையும். ஆதலின் கழனியிலும் கடற்கரையிலும் சந்தையிலும் வழங்கும் தொகுதிப் பெயர்களை வட்டாரந்தோறும் திரட்டுதல் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். புதியன படைத்தல் அதன்பின் தானே நிகழும்.