ஊர்ட் முகிலும் ஈர்ப்பு ஓதமும்

ஊர்ட் முகில் என்பது சூரிய மண்டலத்தின் வெளி எல்லையில், சூரியனை எல்லாப் பக்கங்களிலும் கோள வடிவில் சூழ்ந்திருப்பதாகக் கருதப்படும் வால்வெள்ளிகளின் பெருந்தொகுதி ஆகும். பனிக்கட்டியும் தூசும் கலந்த இந்தச் சிறு பொருள்களில் ஒன்றைக்கூட, அது அங்கே இருக்கும் நிலையில் எந்தத் தொலைநோக்கியும் இதுவரை கண்டதில்லை. அங்கிருந்து பிரிந்து சூரியனை நோக்கி வரும் வால்வெள்ளிகளின் பாதைகளே அம்முகில் இருப்பதற்கான சான்று. அவற்றை உள்ளே அனுப்பும் விசைகளுள் முதன்மையானது பால்வழி மண்டலத்தின் ஈர்ப்பு ஓதம். நிலவும் சூரியனும் கடல்நீரை நாள்தோறும் ஏற்றி இறக்குவதும் இதே வகை விசையால்தான். எனவே, கடற்கரையில் கண்ணால் காணும் ஓதத்தைப் புரிந்துகொண்டால், காண இயலாத அந்த முகிலின் இயக்கத்தையும் புரிந்துகொள்ளலாம்.

தொலைவும் அளவும்

சூரியனுக்கும் புவிக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு, அதாவது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர், ஒரு வானியல் அலகு எனப்படும். நெப்டியூன் சூரியனிலிருந்து 30 அலகு தொலைவில் உள்ளது. புளூட்டோ உள்ளிட்ட சிறு உலகங்கள் சுற்றும் கைப்பர் பட்டை 30 முதல் 50 அலகு வரை பரந்துள்ளது. ஊர்ட் முகிலின் உள் விளிம்பு 2,000 முதல் 5,000 அலகுக்குள் தொடங்குவதாகவும், வெளி விளிம்பு 1,00,000 அலகு அல்லது அதற்கும் அப்பால் வரை செல்வதாகவும் மதிப்பிடப்படுகிறது. 50,000 அலகு என்பது 7.5 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரிய ஒளி அங்கே சென்று சேர ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகும்.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அது முகிலின் உள் விளிம்பை எட்ட இன்னும் சுமார் 300 ஆண்டுகளும், முகிலைக் கடந்து வெளியேற சுமார் 30,000 ஆண்டுகளும் ஆகும் என்பது நாசாவின் கணிப்பு.

கண்டறிந்த வரலாறு

ஒரு வால்வெள்ளி சூரியனை நெருங்கும் ஒவ்வொரு முறையும் அதன் பனி ஆவியாகிறது; தூசு உதிர்கிறது. வியாழன் போன்ற பெருங்கோள்களின் ஈர்ப்பு பல வால்வெள்ளிகளைச் சூரிய மண்டலத்தை விட்டே வெளியேற்றிவிடுகிறது. சூரிய மண்டலத்தின் வயது 460 கோடி ஆண்டுகள். தொடக்கத்திலிருந்தே இப்படி வந்துகொண்டிருந்தால் வால்வெள்ளிகள் என்றோ தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் புதியவை இன்றும் வருகின்றன.

இதற்கு விடையாக, தொலைவில் ஒரு வால்வெள்ளிக் களஞ்சியம் இருக்கலாம் என்று எஸ்தோனிய வானியலாளர் எர்ன்ஸ்ட் ஓபிக் 1932-இல் கருதினார். நெதர்லாந்து வானியலாளர் யான் ஊர்ட் 1950-இல் அதைக் கணக்கின் மூலம் நிறுவினார். நெடுங்காலச் சுற்றுடைய 19 வால்வெள்ளிகள், கோள்களின் ஈர்ப்புக்கு உட்படும் முன் எந்தப் பாதையில் வந்தன என்பதை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் பல பல்லாயிரம் வானியல் அலகு தொலைவிலிருந்து வந்திருந்தன. அவை வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்ததால் களஞ்சியம் தட்டையாக இல்லாமல் கோள வடிவில் இருக்க வேண்டும். அவை சூரியனின் பிடிக்குள் அடங்கிய வேகத்திலேயே வந்ததால், வேற்று விண்மீன்களிலிருந்து வந்தவை அல்ல. 2017-இல் காணப்பட்ட ஓமுவாமுவாவும் 2019-இல் காணப்பட்ட போரிசோவ் வால்வெள்ளியும் அந்த வேக வரம்பைத் தெளிவாக மீறியிருந்தன. அவை வெளியிலிருந்து வந்தவை என அறிய அதுவே போதுமானதாக இருந்தது.

சூரியனின் பிடி

ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 50,000 அலகு தொலைவில் சூரியனின் ஈர்ப்பு, புவியின் இடத்தில் இருப்பதைப் போல 250 கோடியில் ஒரு பங்குதான். ஆயினும் அருகில் வேறு பெரிய பொருள் இல்லாததால் அந்தச் சிறு விசையே அங்குள்ள பனிப்பொருள்களைக் கட்டி வைத்திருக்கிறது.

ஒரு முனை 50,000 அலகிலும் மறுமுனை புவியின் தொலைவிலும் உள்ள நீள்வட்டப் பாதையை எடுத்துக்கொள்வோம். அதை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகள் ஆகும். சூரியனுக்கு அருகில் நொடிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அந்த வால்வெள்ளி, தொலை முனையில் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே நகரும். நடந்து செல்பவரின் வேகம் அதைவிட அதிகம். இதே முனையில் வேகம் நொடிக்கு 2.7 மீட்டராக இருந்தால், வால்வெள்ளி புவி வரை வராது. சனிக்கோள் அளவான 10 அலகு தொலைவிலேயே திரும்பிவிடும். ஆக, நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தைக் குறைக்கக்கூடிய மெல்லிய இழுப்பு ஒன்று இருந்தால் போதும், அதன் பாதை புவியின் அண்மைக்கு வந்துவிடும். அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

ஓதம்: மரக்காணம் கரையில் ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள மரக்காணம், உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் கழுவெளி ஈரநிலமும் இப்பகுதியில் உள்ளன. கழிமுகத்தின் வழியே வங்கக்கடலின் ஓதம் உள்ளே ஏறி இறங்குகிறது. நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி வற்றும். இக்கரையில் அந்த ஏற்ற இறக்கம் பெரிதல்ல. ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. ஆனால் நிலம் மிகத் தட்டையாக இருப்பதால், அந்த ஒரு மீட்டரே உவர்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதை முடிவு செய்யப் போதுமானது.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நீர் மிகுதியாக ஏறுவதைக் கரையோர மக்கள் அறிவர். அந்நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. இங்கே ஒரு புதிர் உண்டு. புவியைச் சூரியன் இழுக்கும் விசை, நிலவு இழுக்கும் விசையைப் போல் சுமார் 180 மடங்கு. அப்படியிருந்தும் சூரியனால் எழும் ஓதம் நிலவால் எழுவதில் பாதிக்கும் குறைவு.

காரணம், ஓதத்தை எழுப்புவது இழுப்பு அன்று. இழுப்பில் உள்ள வேறுபாடு. நிலவை நோக்கிய புவியின் பக்கம், புவியின் மையத்தைவிட நூற்றுக்கு 3 பங்குக்கும் சற்று அதிகமாக நிலவால் இழுக்கப்படுகிறது. சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதே வேறுபாடு பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லா இடமும் ஒரே அளவில் இழுக்கப்பட்டால் புவியும் கடலும் சேர்ந்தே நகரும்; நீர் ஏறாது. வேறுபாடு இருந்தால்தான் நீர் புவியை விட்டுச் சற்று விலகி உயரும். நிலவின் ஓத விசை புவியீர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான் என்றாலும், கடல் முழுவதையும் அசைக்க அது போதுமானதாக இருக்கிறது.

பால்வழி ஓதம்

இதே விதியை இப்போது சூரிய மண்டலத்தின் எல்லைக்குக் கொண்டுசெல்லலாம். பால்வழி மண்டலம் தட்டு வடிவமானது. சூரியன் அத்தட்டின் நடுத்தளத்திற்கு அருகில் உள்ளது. தட்டிலுள்ள விண்மீன்களும் வளிமமும் தமக்கு மேலோ கீழோ இருக்கும் எதையும் நடுத்தளத்தை நோக்கி இழுக்கின்றன. சூரியனும் இழுக்கப்படுகிறது, வால்வெள்ளியும் இழுக்கப்படுகிறது. ஆனால் தளத்திலிருந்து கூடுதலாக விலகி நிற்கும் வால்வெள்ளி சற்று மிகுதியாக இழுக்கப்படும். அந்த வேறுபாடே பால்வழி ஓதம். நிலவின் ஓதம் கடலைத் தன் திசையில் நீட்டுகிறது. பால்வழியின் ஓதமோ முகிலைத் தளத்தை நோக்கி அமுக்குகிறது. திசை வேறு, விதி ஒன்று.

சூரியனிலிருந்து உள்ள தொலைவு இரு மடங்கானால் சூரியனின் ஈர்ப்பு கால் பங்காகக் குறையும். ஓத விசையோ இரு மடங்காகும். ஆகவே இரண்டுக்கும் உள்ள விகிதம் எட்டு மடங்கு மாறும். கோள்களின் இடத்தில் பால்வழி ஓதத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 50,000 அலகில் அது சூரிய ஈர்ப்பில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. 1,00,000 அலகில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. 50,000 அலகில் செயல்படும் ஓதம் பத்து லட்சம் ஆண்டுகளில் ஒரு வால்வெள்ளியின் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் அளவு மாற்ற வல்லது. முன்னர் கண்ட இரண்டு மீட்டர் கணக்கோடு இதை ஒப்பிட்டால், ஒரே சுற்றுக்குள் வால்வெள்ளியின் பாதை சனியின் தொலைவிலிருந்து புவியின் அண்மைக்கு மாற இடமுண்டு என்பது விளங்கும்.

ஊர்ட் தம் ஆய்வில் அருகே கடந்து செல்லும் விண்மீன்களையே காரணமாகக் கொண்டார். பால்வழி ஓதத்தின் பங்கு 1980-களில்தான் நன்கு உணரப்பட்டது. அதற்கு வலுவான சான்றும் கிடைத்தது. ஓதம் பால்வழித் தளத்திலும் அதன் துருவத் திசைகளிலும் வலுவிழந்தும், இடைப்பட்ட திசைகளில் வலுவாகவும் செயல்பட வேண்டும் என்பது கணக்கு. நெடுங்கால வால்வெள்ளிகள் வரும் திசைகளைக் குறித்துப் பார்த்தபோது, அவை இடைப்பட்ட திசைகளிலேயே மிகுந்திருந்தன.

கடந்து செல்லும் விண்மீன்கள்

ஓதம் இடைவிடாமல் செயல்படுவது. விண்மீன்களின் வருகை எப்போதாவது நிகழ்வது. ஷோல்ஸ் விண்மீன் எனப்படும் மங்கலான சிறு விண்மீன் சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் ஊர்ட் முகிலின் வெளிப்பகுதி வழியே கடந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. கிளீஸ் 710 என்னும் விண்மீன் சுமார் 13 லட்சம் ஆண்டுகளுக்குப் பின் சூரியனுக்கு ஒளியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவுக்குள் வரக்கூடும். அப்போது உட்புறம் நோக்கி வரும் வால்வெள்ளிகளின் எண்ணிக்கை கூடும்.

தோற்றம்

இப்பொருள்கள் அவ்வளவு தொலைவில் பிறந்தவை அல்ல. சூரியன் தோன்றிய காலத்தில் பெருங்கோள்களின் அருகே உருவான பனிப்பொருள்களை அக்கோள்களின் ஈர்ப்பு வெளியே வீசியது. பல தப்பிச் சென்றன. சில வெளி எல்லையை எட்டியபோது, பால்வழி ஓதமும் விண்மீன்களும் அவற்றின் பாதையைத் திருத்தி, கோள்களிடம் மீண்டும் வராமல் காத்தன. இன்று வால்வெள்ளிகளை உள்ளே அனுப்பும் அதே ஓதம்தான் அன்று அவற்றை அங்கே சேமித்து வைத்தது.

தமிழ்நாடும் இந்தியாவும்

சென்னையில் 1927-இல் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1949-இல் பார்ட் போக், கோர்டன் நியூகிர்க் ஆகியோருடன் ஒரு வால்வெள்ளியைக் கண்டறிந்தார். அது பாப்பு-போக்-நியூகிர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது. அதன் சுற்றுக்காலம் சுமார் 60,000 ஆண்டுகள். அதாவது அதன் பாதையின் தொலை முனை ஏறத்தாழ 3,000 அலகில், ஊர்ட் முகிலின் உள் விளிம்பு தொடங்கும் அளவில் உள்ளது. ஊர்ட்டின் கட்டுரை வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. பின்னர் இந்தியா திரும்பிய பாப்பு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வகம் அமைய வழிவகுத்தார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

2024 அக்டோபரில் சூசின்சான்-அட்லஸ் வால்வெள்ளி மாதத் தொடக்கத்தில் விடியலுக்கு முன் கிழக்கிலும், மாத நடுவில் மாலையில் மேற்கிலும் இந்தியாவிலிருந்து தெரிந்தது. அதுவும் ஊர்ட் முகிலிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

புவிக்கு ஆபத்து உண்டா?

விண்பொருள் மோதல் வாய்ப்புகளில் நெடுங்கால வால்வெள்ளிகளின் பங்கு சிறியது. புவிக்கு அருகே சுற்றும் சிறுகோள்களே மிகுதி. ஆனால் சிறுகோள்களைப் பல பதிற்றாண்டுகள் முன்பே கணிக்க முடியும். ஊர்ட் முகில் வால்வெள்ளிக்கு அவ்வாறு இயலாது. சைடிங் ஸ்பிரிங் வால்வெள்ளி 2013 சனவரியில் கண்டறியப்பட்டு, 2014 அக்டோபர் 19-இல் செவ்வாயை ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. இது புவிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். முன்னறிவுக்குக் கிடைத்த காலம் 22 மாதங்கள்தான். அதற்கு 25 நாள்கள் முன்னரே செவ்வாயை அடைந்திருந்த இந்தியாவின் மங்கள்யானை, தூசு தாக்காதபடி இஸ்ரோ அதன் பாதையில் இடம் மாற்றி வைத்தது. விண்கலம் பழுதின்றித் தப்பியது.

ஆகவே தொலைவிலேயே கண்டுகொள்வது முக்கியம். பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன் என்னும் பெரிய வால்வெள்ளி 2031-இல் சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 11 அலகு தொலைவுக்கு, வரும். அதன் கரு 100 கிலோமீட்டருக்கும் அதிக அகலமுடையது என்பதால் நெப்டியூனின் தொலைவிலேயே அது பதிவாகியிருந்தது. சில கிலோமீட்டர் அகலமே உள்ள மற்றவை அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. சிலி நாட்டிலுள்ள ரூபின் வானாய்வகம் போன்ற புதிய கருவிகள் வானத்தைத் திரும்பத் திரும்பப் படம்பிடித்து, இத்தகைய வால்வெள்ளிகளை முன்கூட்டியே கண்டறிய உதவும் என எதிர்பார்க்கப்படுகிறது.