சுந்தராம்பாள் படங்களுள் முதலிடம் எதற்கு?

மாணவர்களே! சூளையிலிருந்து எடுத்த பீங்கான் கோப்பையை நம் விருத்தாசலத்தில் விரலால் சுண்டிப் பார்ப்பர். விரிசலற்றதே கணீரென ஒலிக்கும். மேற்பூச்சு எத்துணை அழகாயினும் ஓசை பொய் கூறாது. கே. பி. சுந்தராம்பாளின் திரைப்படங்களையும் அவ்வாறே சோதிப்போம்.

1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் அவர் ஆண் வேடம் பூண்டார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஊதியம் கலைக்கு அளவுகோலன்று, அத்துணிவே போற்றத்தக்கது. 1969-இன் ‘துணைவன்’, பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை அவருக்கு ஈட்டித் தந்தது. அறுபது வயதிலும் தளராத குரல் அது. 1953-இன் ‘ஔவையா’ரிலோ பாடுபவர் மறைந்து, தமிழ்ப் பாட்டியே நம்முன் நிற்கிறார். ஆதலின் முதலிடம் அதற்கே, அடுத்தது ‘நந்தனார்’, மூன்றாவது ‘துணைவன்’.

இவ்வரிசையை அப்படியே ஏற்க வேண்டா. நீங்களே செவிகொடுத்துக் கேட்டு, தக்க காரணம் கூறி மாற்றுங்கள். பிறர் தீர்ப்பை மனப்பாடம் செய்வது கல்வியாகாது.