கோவிந்தன் மனைவிக்காக நின்ற அப்புக்காத்து

இலங்கையின் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றும், அவருக்காக வாதாடுபவரை எதிரித்தரப்புச் சட்டத்தரணி என்றும் அழைப்பர். மேல்நிலை நீதிமன்றங்களில் எழுந்து வாதாடும் அப்புக்காத்து, கட்சிக்காரரைச் சந்தித்து வழக்கை ஆயத்தஞ்செய்யும் பிறக்கிராசி என 1973 வரை இரு பிரிவாக இருந்த இத்தொழில், 1974இன் தொடக்கத்திலிருந்து சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ் வந்தது. எதிரி நிரபராதி என நிரூபிப்பதே இவருடைய வேலை என்று பலர் எண்ணுவதுண்டு. சட்டமோ அவ்வாறு கேட்பதில்லை. குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுநருக்கே உரியது என்பதால், தொடுநர் கொண்டுவரும் சான்று ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்து, அது தாங்குமா என்று நீதிமன்றத்துக்குக் காட்டுவதே எதிரித்தரப்பின் பணியாகும். மறுதரப்புச் சாட்சியை அவருடைய சொல்லைக்கொண்டே சோதிக்கும் குறுக்கு விசாரணை அதற்கான முதன்மைக் கருவி.

இக்கருவி மலையகத் தொழிலாளருக்காக எவ்வளவு ஆழமாகப் பயன்பட முடியும் என்பதை முல்லோயாத் தோட்டத்து வழக்கு காட்டுகிறது. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தில், நாட்சம்பளத்தை 16 சதத்தால் உயர்த்தக் கோரி நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். எழுந்த கண்டனத்தால் விசாரணை ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட, கோவிந்தனின் மனைவி சார்பில் அதன்முன் தோன்றியவர் அப்புக்காத்து கொல்வின் ஆர். டி சில்வா. 1907இல் பிறந்து, இலங்கையில் பிரித்தானிய ஆட்சி பற்றிய ஆய்வுக்காக லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் முதல் தலைவராக விளங்கிய இவரே, பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய குற்றவியல் சட்டத்தரணிகளுள் ஒருவராக எண்ணப்பட்டார்.

ஆணைக்குழு என்பது குற்றவியல் நீதிமன்றம் அன்று. கோவிந்தனின் மனைவி எதிரியும் அல்லர். ஆயினும் பொலிஸார் சுட்ட ஒருவரின் மரணத்தை விசாரிக்கும் இடங்களில், தொழிலாளர் கூட்டம் அச்சுறுத்தியதா, சுடவேண்டிய நிலை வந்ததா என்றே கேள்விகள் தொடங்குவதால், செத்தவரே எதிரிக்கூண்டில் ஏற்றப்பட்டவர் போலாகிவிடுகிறார். அப்படிப்பட்ட இடத்தில் கொல்வின் காத்தது இறந்துபோன மனிதரைத்தான். பொலிஸாரும் தோட்ட நிர்வாகமும் கைகோத்து இயங்கியதை வெளிக்கொணர்ந்த அவருடைய விசாரணை, கூட்டம் என்ன செய்தது என்ற கேள்வியை அதிகாரம் என்ன செய்தது என்ற கேள்வியாகத் திருப்பியது. முல்லோயாச் சம்பவத்தின் அதிர்வு தோட்டத்தோடு நிற்கவில்லை. ஆணைக்குழு முடியும்வரை தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்க இணங்குமாறு உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மா அதிபரைப் பணித்ததும், ஆளுநர் கால்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றதும், அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகும் அளவுக்கு முற்றின. சில மாதங்களில், 1940 ஜூனில், கொல்வினும் கைதுசெய்யப்பட்டு, பின்னர் கண்டி பொகம்பர சிறையில் அடைக்கப்பட்டு, 1942 ஏப்ரலில் தோழர்களுடன் அங்கிருந்து தப்பினார்.

அவருடைய தொழிற்புகழை நாடறியச் செய்தது, கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம் தம் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட, கொல்வின் அவருக்காக வாதாடிய வழக்கு. மரணம் நேர்ந்த நேரமே அதன் முடிச்சு. எடின்பரோவிலிருந்து தடயவியல் மருத்துவ அறிஞர் சேர் சிட்னி சிமித் வந்து சாட்சியமளித்தார். 1953இல் சதாசிவம் விடுதலையானார். வசதியுள்ள எதிரிக்குக் கடல் கடந்து நிபுணர் வருவார். தோட்ட லயத்தில் வாழும் எதிரிக்கு, தம் சொல்லைச் சரியாக மொழிபெயர்க்கும் ஒருவர் கிடைப்பதே அரிது.

மொழி பற்றிய இப்பேச்சு கொல்வினின் வாழ்வோடும் பிணைந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து, சிங்களம், தமிழ் இரு மொழிகளுக்கும் சம இடம் தராவிட்டால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்த அவரே, அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நீதிமன்றங்களின் மொழி சிங்களம் என்று விதித்து, வேறு ஏற்பாட்டுக்கான இடத்தை வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு மட்டுமே விட்டது. அவர் பெருந்தோட்ட அமைச்சராகவும் இருந்த அந்த ஆண்டுகளில், 1973–74இல், தோட்ட மக்கள் பட்டினியால் மாண்டனர். முல்லோயாவை மறவாத மலையகம் இதையும் மறக்க வேண்டியதில்லை; ஒருவர் செய்த நன்மை பெரிதாக இருக்கும்போதுதான் அவருடைய தவறு கூடுதலாக நோகிறது.

இப்போதுள்ள 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சிங்களம், தமிழ் இரண்டையும் நீதிமன்ற மொழிகள் என்கிறது; எனினும் நுவரெலியாவிலும் ஹற்றனிலும் நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்திலேயே எழுதப்படுகின்றன. ஆகவே அங்கே பணியாற்றும் தேர்ந்த எதிரித்தரப்புச் சட்டத்தரணிக்குச் சட்டநூல் மட்டும் போதாது. ‘கோபத்தில் கை வைத்துவிட்டேன்’ என்று தொழிலாளி சொல்வது, சிங்களப் பதிவில் கொல்லும் எண்ணத்தோடு தாக்கியதாக மாறிவிடுமானால், கொலை என்பதற்கும் ‘கொலையாகாத குற்றமுறு மனிதக்கொலை’ என்பதற்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாடு அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகும். கடுமையான திடீர் ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்தமை தண்டனைச் சட்டக்கோவையில் குற்றத்தின் தரத்தையே குறைக்கும் ஒரு விதிவிலக்காக இருப்பதால், மொழிபெயர்ப்பைக் காதால் தொடர்ந்து பிழையை அங்கேயே எழுந்து திருத்துவிப்பவர் வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் வரும் எதிரிக்கும் சாட்சிக்கும் அன்றைக்குத் தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழாது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்; ஒத்திவைப்பு எதுவும் தோட்டத்தில் ஒருநாட் சம்பளத்தின் இழப்பே.

பொலிஸ் அலுவலரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இடமளிப்பதில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சரோ அவருக்கு மேற்பட்டவரோ பெறும் ஒப்புதலை ஏற்கச் செய்து, அது ஏற்கத்தக்கதன்று என்று காட்டும் சுமையை எதிரியின் தலையில் வைத்தது. தமக்குப் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட்டவருக்கு அச்சுமை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் சட்டத்தரணி மூலம் தம் பக்கத்தை எடுத்துரைக்க உரிமையுடையவர். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பை அரசு வழங்கியாக வேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவர் 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம், அதன் நிலையம் நுவரெலியாவிலும் உண்டு. பொலிஸ் நிலையத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். புரியாத எதிலும் கையொப்பமிடாதீர்கள்.